மணலில் வார்த்த காவிரி நீர்

அமாவாசைதோறும் தர்ப்பணம் செய்கிற அன்பர்களுக்கு இது தெரிந்ததே. தந்தை வழியில் மூன்று தலைமுறை, தாய் வழியில் மூன்று தலைமுறை என்று முறைப்படி எள்ளும் நீரும் இறைத்து முடித்தபின், கூர்ச்சத்தை அவிழ்த்துக் கடைசியாக ஒரு கை நீர் வார்க்கிறோம். அது நம் பித்ருக்களுக்கு உரியது அன்று. நீர் வார்ப்பதற்கு உறவென்று ஒருவரும் இல்லாமல் மறைந்துபோன யாவருக்குமாக வார்க்கப்படுவது. சாஸ்திரிகள் சொல்லச் சொல்ல, நானும் முப்பது ஆண்டுகளாக அதை வார்த்து வந்திருக்கிறேன். அதன் பொருளை உணர்ந்தது சென்ற மார்கழி அமாவாசை அன்றுதான். அதுவும் காவிரிக் கரையில் அன்று. ராஜஸ்தானத்துப் பாலைவனத்தில், பாகிஸ்தான் எல்லைக்கு அருகில்.

என் தமக்கையின் கணவர், அதாவது எங்கள் அத்திம்பேர், விமானப் படையில் பணிபுரிந்தவர். திருவையாற்றில் பிறந்தவர். பள்ளி இறுதி வகுப்பு முடித்த கையோடு படையில் சேர்ந்தார். விமானம் ஓட்டியவர் அல்லர். விமானங்களில் குண்டுகளையும் ராக்கெட்டுகளையும் பொருத்தும் ஆயுதப் பிரிவில் இருந்தவர். 1971-ஆம் ஆண்டுப் போரின்போது ஜெய்சல்மேர் விமானத் தளத்தில் இருந்தார் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். அதற்குமேல் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. நான் பள்ளி மாணவனாக இருந்தபோது போர்க் கதை கேட்கும் ஆவலோடு அவரைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். "அங்கே குளிர் அதிகம், அவ்வளவுதான்" என்று சொல்லி முடித்துவிடுவார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆண்டுதோறும் டிசம்பர் 5-ஆம் தேதி விடியுமுன் எழுந்து காவிரிக்குப் போய்விடுவார். அன்று மாலை விளக்கேற்றும் வரையில் பச்சைத் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் உட்கொள்ளமாட்டார். திருமணமான புதிதில் அக்கா காரணம் கேட்டபோது, "ஒரு வேண்டுதல்" என்றாராம். போரிலிருந்து உயிரோடு திரும்பியதற்கான பிரார்த்தனை போலிருக்கிறது என்று அக்காவும் அதற்குமேல் கேட்கவில்லை. அந்த ஒரே சொல்லில் நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன.

அத்திம்பேருக்கு எழுபத்தாறு வயது நிறைந்து, இதய சிகிச்சையும் முடிந்து வீடு திரும்பிய பிறகு, பிள்ளைகள் அவர்கள் இருவரையும் காசிக்கு அழைத்துப் போக ஏற்பாடு செய்தார்கள். அத்திம்பேர் மெல்லச் சொன்னார்: "காசிக்கு முன்னால் நான் போகவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. தனோட் மாதா கோயில். அதற்கு முன்னால் லோங்கேவாலா." அக்கா, அவருடைய பெண், பதினான்கு வயதுப் பேரன், துணைக்கு நான் என்று ஐவர் புறப்பட்டோம். மார்கழி அமாவாசையன்று அங்கே இருக்கவேண்டும் என்பது மட்டுமே அவர் விதித்த நிபந்தனை. தம் பையில் தர்ப்பையும் எள்ளும், வாய் அடைத்த ஒரு சொம்பில் காவிரி நீரும் எடுத்துக்கொண்டார்.

லோங்கேவாலாவில் நடந்தது என்ன என்பதை இளைய தலைமுறைக்குப் படிக்கிறவர்கள் எடுத்துச் சொல்லலாம் என்பதற்காகச் சுருக்கமாக எழுதுகிறேன்.

1971 டிசம்பர் 3-ஆம் தேதி மாலையில் பாகிஸ்தான் விமானங்கள் நம்முடைய மேற்கு விமானத் தளங்களைத் தாக்கியதோடு போர் தொடங்கிற்று. மறுநாள் இரவு பாகிஸ்தானின் பெரும்படை ஒன்று தார் பாலைவன எல்லையைக் கடந்து லோங்கேவாலா காவல் நிலையை நோக்கி வந்தது. சுமார் இரண்டாயிரம் வீரர்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட டாங்கிகள். காவல் நிலையில் இருந்ததோ பஞ்சாப் ரெஜிமெண்டின் 23-ஆவது பட்டாலியனைச் சேர்ந்த ஒரே ஒரு கம்பெனி. ஏறத்தாழ 120 பேர். அவர்களுக்குத் தலைவர் மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரி. டாங்கி ஒன்றுகூட அவர்களிடம் இல்லை. நிலையை விட்டு நகர வாய்ப்பிருந்தும், இருந்த இடத்திலேயே நின்று போரிடுவது என்று அவர் முடிவு செய்தார்.

விமான உதவி கேட்டுச் செய்தி ஜெய்சல்மேருக்குப் போயிற்று. ஆனால் அங்கே இருந்த ஹண்டர் விமானங்கள் இரவில் போரிடுவதற்கான கருவிகள் இல்லாதவை. விடிந்தால்தான் பறக்கமுடியும். ஆகவே அந்த 120 பேரும் விடியும் வரையில் தாக்குப்பிடிக்கவேண்டும். தாக்குப்பிடித்தார்கள். 5-ஆம் தேதி முதல் வெளிச்சத்தில் ஹண்டர்கள் கிளம்பின. எதிரிப் படைக்கோ விமானப் பாதுகாப்பு இல்லை. திறந்த மணல்வெளியில் ஒதுங்க மரமும் இல்லை, மேடும் இல்லை. முப்பதுக்கும் மேற்பட்ட டாங்கிகள் அழிந்தன, அல்லது கைவிடப்பட்டன. அவர்கள் தரப்பில் ஏறத்தாழ இருநூறு பேர் மாண்டதாகக் கூறுவர். நம் தரப்பில் உயிர்நீத்தவர் இருவர். மேஜர் சாந்த்புரிக்கு மகா வீர சக்கரம் வழங்கப்பட்டது. 1997-இல் வெளிவந்த 'பார்டர்' என்ற இந்தித் திரைப்படம் இந்தப் போரைப் பற்றியதுதான்.

பேரன் அந்தப் படத்தை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறினான்.

ஜெய்சல்மேரில் இறங்கிய அன்று ராணுவ அருங்காட்சியகத்துக்குப் போனோம். அங்கே ஒரு ஹண்டர் விமானம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அத்திம்பேர் அதன் இறக்கையையோ வாலையோ பார்க்கவில்லை. நேரே மூக்குப் பகுதிக்குக் கீழே போய்க் குனிந்து நின்றார். முப்பது மில்லிமீட்டர் பீரங்கிகள் நான்கும், அவற்றின் குண்டுப் பெட்டிகளும் சேர்ந்து ஒரே பேழையாக அங்கே பொருந்தியிருக்குமாம். காலியான பேழையை அப்படியே கீழே இறக்கிவிட்டு, நிரம்பிய இன்னொன்றை ஏற்றும்படி அமைத்திருப்பார்களாம். "சில நிமிஷங்களில் மாற்றிவிடலாம்" என்று பேரனிடம் சொன்னார். சொல்லும்போதே அவர் விரல்கள் காற்றில் எதையோ திருகிக்கொண்டிருந்தன. ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் கை மறக்கவில்லை.

"அப்படியானால் அந்த டாங்கிகளை நீங்களும்தானே அழித்தீர்கள், தாத்தா?" என்று பேரன் பெருமையோடு கேட்டான்.

அத்திம்பேர் பதில் சொல்லவில்லை. தலையை விமானத்தில் இடித்துக்கொள்ளாமல் கவனமாக வெளியே வந்து, "காலையில் சீக்கிரம் கிளம்பவேண்டும்" என்றார்.

மறுநாள் அமாவாசை. இருட்டோடு புறப்பட்டோம். ஜெய்சல்மேரைத் தாண்டினால் காற்றாலைகள். அவற்றையும் தாண்டினால் மணலும் வானமும்தான். இடையிடையே தனித்து நிற்கும் ஒரு மரம் எனக்குப் பழகியதாகத் தோன்றிற்று. ஓட்டுநரைக் கேட்டேன், "கேஜ்ரி" என்றார். நம்முடைய வன்னிதான் அது. திருமுதுகுன்றத்தில் தல விருட்சமாக நிற்பதும், அஞ்ஞாத வாசம் தொடங்குமுன் பாண்டவர்கள் தங்கள் ஆயுதங்களை ஒளித்து வைத்ததும் வன்னியில்தான். ராஜஸ்தானத்தின் மாநில மரமும் அதுவே. பாலை நிலத்துக்குக் கொற்றவையைத் தெய்வமாகக் கொண்டது நம் மரபு. அந்தப் பாலையிலும் ஓர் அம்பிகைதான் வீற்றிருக்கிறாள் என்பதை நினைத்துக்கொண்டே போனேன்.

பத்து மணி அளவில் லோங்கேவாலாவை அடைந்தோம். போர் நினைவிடமாக அதை நன்கு பேணி வருகிறார்கள். பதுங்கு குழிகள், பீரங்கி, கைப்பற்றப்பட்ட டாங்கிகள் எல்லாம் இருக்கின்றன. சுற்றுலா வந்த இளைஞர்கள் டாங்கியின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பேரனும் கைப்பேசியை எடுத்தான். "தாத்தா, இங்கே வந்து நில்லுங்கள்" என்றான்.

அத்திம்பேர் வந்தார். படத்துக்காக நிற்கவில்லை. டாங்கியின் இரும்பில் உள்ளங்கையை வைத்தபடி சிறிது நேரம் இருந்தார். பிறகு அக்காவை அழைத்து அருகில் இருந்த திண்டில் உட்காரச் சொன்னார். தாமும் உட்கார்ந்தார். பேச்சு அவரையறியாமலே வந்தது போல் இருந்தது.

"அன்று இரவு முழுவதும் நாங்கள் தூங்கவில்லை. விமானங்கள் தயார். குண்டு ஏற்றியாகிவிட்டது. ஆனால் இருட்டு. இங்கே நம் ஆட்கள் டாங்கிகளுக்கு நடுவே இருக்கிறார்கள் என்று தெரியும். கிழக்கு வெளுக்கவேண்டுமே என்று அம்பாளை வேண்டிக்கொண்டு நின்றோம். வெளுத்ததும் விமானங்கள் போயின. போய்விட்டு வந்தவுடன் மறுபடி நிரப்பி அனுப்பினோம். பகல் முழுவதும் அப்படித்தான். திரும்பி வரும்போதெல்லாம் பேழை காலியாக இருக்கும். காலியாக வந்தால் எங்களுக்குச் சந்தோஷம். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது.

"சண்டை நின்ற பிறகு ஒரு நாள் எங்களில் சிலரை லாரியில் ஏற்றி இங்கே அழைத்து வந்து காட்டினார்கள். நாங்கள் நிரப்பிக் கொடுத்தது என்ன செய்தது என்று அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். டாங்கி எரிந்தால் உள்ளே இருப்பவன் வெளியே வருவது எளிதில்லை. அதைப் பற்றி இந்தக் குழந்தைக்கு முன்னால் சொல்லமாட்டேன். ஒரு டாங்கிக்குப் பக்கத்தில் மணலில் ஒரு கடிதம் கிடந்தது. ஓரம் கருகியிருந்தது. உருது. எங்களோடு வந்த ஹவில்தார் ஒருவர் வாங்கிப் படித்தார். அவனுடைய அம்மா சொல்லி யாரோ எழுதியது. எருமை கன்று போட்டிருக்கிறது, தங்கைக்கு வரன் வந்திருக்கிறது, குளிராக இருக்குமே, அனுப்பிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்கிறாயா, இல்லையா என்று."

சற்று நிறுத்தினார்.

"என் அம்மாவும் அந்த மாதம் எனக்கு எழுதியிருந்தாள். மப்ளர் இல்லாமல் வெளியே போகாதே என்று."

அக்கா ஒன்றும் சொல்லாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பேரன் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டான். நெடுநேரத்துக்குப் பிறகு அக்கா, "இத்தனை வருஷமாக என்னிடம்கூடச் சொல்லவில்லையே?" என்றாள். அதில் கோபம் இல்லை, ஆற்றாமை இருந்தது.

"சொன்னால் நீயும் சுமக்கவேண்டும்" என்றார் அவர். பிறகு, யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதுபோல் தொடர்ந்தார்: "நான் செய்தது தவறு என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. இங்கே 120 பேர் விடியலை எதிர்பார்த்து நின்றார்கள். அன்று என் கை தயங்கியிருந்தால் அவர்களைப் பெற்றவர்கள் அழுதிருப்பார்கள். கடமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கடமையை முடித்தபிறகும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அந்தக் கடிதம் எழுதிய அம்மா இந்த மணலுக்கு ஒரு நாளும் வரமுடியாது. நடுவில் எல்லை இருக்கிறது. நான் வரலாம்."

நான் முப்பத்தெட்டு ஆண்டுகள் வங்கியில் கணக்குப் பார்த்தவன். வரவும் செலவும் நேராகிவிட்டால் கணக்கு முடிந்தது என்றே பழகியவன். எல்லா வகையிலும் நேரான ஒரு கணக்கை முடிக்காமல் ஒரு மனிதர் ஐம்பது ஆண்டுகள் வைத்திருந்ததை அன்றுதான் கண்டேன்.

உச்சி வேளை நெருங்கிற்று. நினைவிடத்தை விட்டு வெளியே வந்து, சாலையோரம் சிறிது தூரத்தில் நின்ற ஒரு வன்னியின் நிழலில் தெற்கு நோக்கி அமர்ந்தோம். நானும் அவரும் தர்ப்பணம் செய்தோம். தகப்பனார் இருக்கிற பிள்ளை தர்ப்பணம் செய்வதற்கில்லை. ஆகவே சொம்பை ஏந்தி எங்கள் கையில் நீர் வார்க்கும் பணி பேரனுக்கு. வழக்கமான வரிசை முடிந்ததும், லோங்கேவாலாவில் உயிர்நீத்த நம் வீரர் இருவரையும் நினைத்து அத்திம்பேர் நீர் விட்டார். பிறகு கூர்ச்சத்தை அவிழ்த்தார். சொம்பில் மீதி இருந்த காவிரி முழுவதையும் தம் கையில் விடும்படி பேரனுக்குச் சைகை காட்டினார்.

பேரன் தயங்கினான். "தாத்தா, அவர்கள் வேறு மதம் இல்லையா? நாம் விட்டால் போய்ச் சேருமா?"

அவன் கேட்டது நியாயமான கேள்விதான். எனக்கும் அது தோன்றாமல் இல்லை. அத்திம்பேர் சொன்னார்: "அவர்களுக்கு அவர்கள் முறைப்படி அவர்கள் ஊரில் செய்திருப்பார்கள். இது அவர்களுக்கு முறை செய்வதற்காக இல்லை. கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறோமே, வருகிறவனின் ஜாதகத்தையா கேட்கிறோம்? விடு."

பேரன் சொம்பைச் சரித்தான். நீர் அவர் கை வழியாக மணலில் விழுந்தது. விழுந்த இடம் தெரியாமல் மணல் குடித்துவிட்டது. நம் படித்துறையில் நீரோடு நீர் கலக்கும். பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அப்படி ஒரு வேகத்தோடு நிலம் நீரை வாங்கிக்கொண்டது என்னவோ செய்தது.

மகாபாரதத்தில் ஸ்திரீ பர்வம் என்று ஒரு பகுதி உண்டு. போர் முடிந்த களத்தில் தர்மபுத்திரர் செய்த முதல் காரியம் பட்டாபிஷேகம் அன்று. இரு பக்கத்திலும் மாண்டவர்களுக்கு ஈமக் கடன் நடக்க ஏற்பாடு செய்தார். தூரதேசங்களிலிருந்து வந்து, உரிமை கோர ஒருவரும் இல்லாமல் கிடந்தவர்களையும் விடாமல் தகனம் செய்வித்தார் விதுரர். ராவணனுக்குச் செய்யவேண்டியதைச் செய்யும்படி விபீஷணனைத் தூண்டியவர் ராமபிரான். உபந்நியாசங்களில் போர்க்காட்சிகளைக் கேட்டுக் கைதட்டிவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம். அதற்குப் பிறகும் கதை இருக்கிறது என்பது அந்த மரத்தடியில்தான் எனக்கு உறைத்தது.

அங்கிருந்து தனோட் மாதா சந்நிதிக்குப் போனோம். ஜெய்சல்மேரிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இத்தலம், பாட்டி ராஜபுத்திரர்களின் வழிபாட்டில் பழமையானது. 1965 போரின்போது இந்தக் கோயிலைச் சுற்றி மூவாயிரம் குண்டுகள் விழுந்ததாகவும், கோயில் வளாகத்தில் விழுந்தவை வெடிக்கவே இல்லை என்றும் அங்கே பக்தியோடு சொல்கிறார்கள். வெடிக்காத குண்டுகள் சிலவற்றைக் கண்ணாடிப் பேழையில் இன்றும் காணலாம். அந்தப் போருக்குப் பின் எல்லைப் பாதுகாப்புப் படையினரே கோயிலைப் பராமரிக்கிறார்கள். பூஜையும் ஆரத்தியும் செய்பவர்களும் ஜவான்களே. லோங்கேவாலா வெற்றியின் நினைவாக வளாகத்தில் ஒரு ஸ்தம்பம் உள்ளது. வேண்டுதலாகக் கைக்குட்டை கட்டுவது இங்கே வழக்கம். வண்ண வண்ணமாக ஆயிரக்கணக்கில் கட்டியிருக்கிறார்கள்.

ஆயுதப் பிரிவில் இருந்தவர் அல்லவா? அத்திம்பேர் அந்தக் குண்டுகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "குண்டு வெடிக்கவேண்டும் என்பதற்காகவே பாடுபட்ட கை இது. வெடிக்காத குண்டைக் கும்பிட வைத்துவிட்டாளே!" என்று சிரித்தார். அன்று அவர் சிரித்தது அப்போதுதான்.

தனோட் மாதாவை ஹிங்லாஜ் தேவியின் வடிவமாகவே போற்றுகிறார்கள். ஹிங்லாஜ், தாட்சாயணியின் திருமுடிப் பகுதி விழுந்த சக்தி பீடம். அது இருப்பது இப்போதைய பாகிஸ்தானின் பலுசிஸ்தானத்தில், ஹிங்கோல் ஆற்றங்கரை மலைக்குகையில். அங்குள்ள முஸ்லிம் மக்களும் அவளை 'நானி', அதாவது பாட்டி என்று அழைத்து மரியாதை செய்கிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் மாதா. அந்தப் பக்கம் பாட்டி. கம்பி வேலியின் இரு புறமும் அவளுடைய வீடுதான் என்று நான் சொன்னபோது, அத்திம்பேர் சந்நிதியைப் பார்த்துக் கைகுவித்தார். "அப்படியானால் அந்த அம்மாவும் இவளிடம்தான் வேண்டிக்கொண்டிருப்பாளோ, என்னவோ!" என்றார். எங்களில் எவராலும் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.

மாலை ஆரத்தி தொடங்கிற்று. சீருடை அணிந்த இளைஞர்கள் மணியும் மேளமும் முழங்கப் பாடினார்கள். முன்வரிசையில் நின்ற ஒரு ஜவானுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கழுத்தில் கம்பளி மப்ளர் சுற்றியிருந்தான். ஆரத்தித் தட்டு எங்களிடம் வந்தபோது, அத்திம்பேர் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அந்தப் பையனின் தோளைத் தட்டி, "உன் அம்மாவுக்குக் கடிதம் எழுதுகிறாயா?" என்று இந்தியில் கேட்டார். அவன் சிரித்துக்கொண்டே, "தினமும் வீடியோவில் பேசிவிடுகிறேன், பாபா" என்றான்.

வெளியே வந்ததும் பேரன் தன் கைக்குட்டையை எடுத்து மற்றவற்றோடு சேர்த்துக் கட்டினான். என்ன வேண்டிக்கொண்டாய் என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. வேண்டுதலைக் கேட்கக்கூடாது என்பதை எங்கள் வீட்டில் அக்கா நாற்பத்தெட்டு ஆண்டுகளாகக் கடைப்பிடித்து வந்திருக்கிறாள் அல்லவா?

திரும்பும் வழியில் அக்கா மட்டும் ஒன்று சொன்னாள்: "அடுத்த டிசம்பர் 5-ஆம் தேதி நானும் உங்களோடு உபவாசம் இருக்கிறேன்." அத்திம்பேர் இருட்டில் ஜன்னலைப் பார்த்தபடி தலையசைத்தார்.

அன்பர்களே, அடுத்த அமாவாசையன்று கடைசிக் கை நீரை வார்க்கும்போது ஒரு கணம் நிதானித்து வார்த்துப் பாருங்கள். சாஸ்திரிகளுக்கு அடுத்த வீட்டுக்குப் போகவேண்டிய அவசரம் இருக்கும். நமக்கும் பசி இருக்கும். இருந்தாலும் ஒரு கணம். எந்தக் கரையிலோ, எந்த மணலிலோ, தன் பிள்ளை விழுந்த இடத்தைக் கண்ணால் காணமுடியாத ஒரு தாய்க்காக அந்த நீர் போய்ச்சேரட்டும். எல்லைகளின் இரு புறமும் வீற்றிருக்கும் அம்பிகை யாவரையும் காத்தருள்வாளாக.